நாற்காலி போட்ட பக்கம்

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். என்னை அறிந்தவர்கள் இந்த வரியைப் படித்தால் சிரிப்பார்கள். இந்த ஆள் எப்போது வாயை மூடினான் என்று கேட்பார்கள். குறை சொல்வதில் நான் ஒருநாளும் மௌனம் காத்தவனில்லை என்பது உண்மைதான். ஆனால் போன வெள்ளிக்கிழமை தங்கள் விசாரணை அறையில் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். சனியும் ஞாயிறும் சொல்லாமலே கழிந்தன. வியாழக்கிழமை தாங்கள் அந்தக் காலணித் தொழிற்சாலையை நேரில் பார்வையிடப் போகிறீர்கள். அதற்குள் இது தங்கள் மேசைக்கு வந்து சேர வேண்டும் என்பதால், நானே சொல்லி நானே பதிவு செய்துகொள்ளும் வாக்குமூலம் இது.

வழக்கப்படி பெயர் முதலில் வர வேண்டும். அதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன். வயது ஐம்பத்து மூன்று. படிப்பு, உடலியக்கத்தில் முதுகலை. வேலை, தொழிலாளர் உடல்நல மையம் ஒன்றின் பயிற்சிப் பிரிவில் ஆசிரியர். வசிப்பது மனைவியோடு ஒரு வாடகை வீட்டின் மேல்தளத்தில். வழக்கில் எந்தத் தரப்புக்கும் நான் உறவினன் அல்ல.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்பவரின் உடம்பை அந்த வேலை எவ்வளவு கெடுக்கும் என்று அருகிலிருந்து பார்த்து ஓர் எண் கொடுப்பது எங்கள் தொழில். கழுத்து எவ்வளவு குனிகிறது, தோள் எவ்வளவு உயர்கிறது, மணிக்கட்டு எந்தக் கோணத்தில் மடங்குகிறது, எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பவற்றுக்கெல்லாம் மதிப்பெண் உண்டு. கூட்டினால் ஒன்றிலிருந்து ஏழுக்குள் ஓர் எண் வரும். மூன்று என்றால் கவனித்து வாருங்கள் என்று பொருள். ஏழு என்றால் வேலையை உடனே மாற்றுங்கள் என்று பொருள். மணிக்கட்டின் மடிப்பை அளக்க நான் ஒரு பிளாஸ்டிக் கோணமானியைச் சட்டைப்பையில் வைத்திருப்பேன். அதனால் பல ஆலைகளில் எனக்குக் கோணமானி என்று பெயர். கோணமானி வந்தாச்சு, மூஞ்சியும் கோணலாத்தான் இருக்கு என்று என் காதுபடவே சொல்வார்கள்.

வழக்கில் பேசப்படும் மேசை, பசை மேசை. மரத்தாலான பாத அச்சின்மேல் மாட்டப்பட்ட காலணி, மோட்டாரில் ஓடும் பட்டையில் ஏறி வந்துகொண்டே இருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர் அதை இடது கையால் எடுத்து, குதிகால் பகுதியைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே இடுக்கிப் பிடித்து, அடிப்பக்கம் மேலே வருமாறு திருப்பி, வலது கையிலிருக்கும் பிரஷ்ஷால் விளிம்பைச் சுற்றிப் பசை தடவி, பக்கத்திலுள்ள சூட்டுப்பெட்டிக்குள் தள்ளிவிடுவார். அதன் பிறகு அடுத்த காலணி. வழக்குத் தொடுத்த பெண் அந்த மேசையில் பல வருடம் உட்கார்ந்தவர். இப்போது அவருடைய இடது கட்டைவிரல் எதையும் பற்றுவதில்லை. வெள்ளிக்கிழமை தாங்கள் காகிதத்தை நீட்டியபோது, அது நகராமலிருக்க இடது முழங்கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டு அவர் கையெழுத்துப் போட்டதைத் தாங்களும் பார்த்தீர்கள். தொழிற்சாலை அவரை இப்போது கூட்டுகிற வேலையில் வைத்திருக்கிறது. துடைப்பத்தையும் இரண்டு கையால்தான் பிடிக்க வேண்டும். வழக்கு தோற்றால் அந்த வேலையும் இருக்காது.

போன வருடம் கோடையில் அந்த மேசையை மதிப்பிட மையம் என்னை அனுப்பியது. அன்று அங்கே எனக்கு நாற்காலி போடவில்லை. இதை நான் வீட்டிலும் அலுவலகத்திலும் பேருந்திலும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். மேசைக்கு வலப்பக்கம் மின்விசிறிக்குக் கீழே நல்ல இடம் இருந்தது. நான் அங்கே போய் நின்றதும் சூப்பர்வைசர் வந்தார்.

"சார், இந்தப் பக்கம் வெளியூர்லேர்ந்து ஆர்டர் குடுக்கிறவங்க வர்றாங்க. நீங்க அந்தப் பக்கமா நின்னுக்கோங்க."

"அந்தப் பக்கம் சுவர்தானே இருக்கு?"

"சுவருக்கும் சூட்டுப்பெட்டிக்கும் நடுவுல இடம் இருக்கு சார். நீங்க ஒல்லியாத்தானே இருக்கீங்க."

நான் பக்கவாட்டாக நுழைந்து, முதுகு சுவரில் உரச, வயிற்றுக்கு நேரே சூட்டுப்பெட்டி அனலடிக்க, அன்று பகல் முழுவதும் அங்கே நின்றேன். சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. குடிக்கத் தண்ணீர் கேட்டும் வரவில்லை. ஆனால் அங்கிருந்து அந்தப் பெண்ணின் இடது மணிக்கட்டு என் கண்ணுக்கு நேரே இருந்தது. காலணியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அது உள்பக்கமாக ஒடிந்தாற்போல் மடங்கியது, அந்த மடிப்போடேயே அச்சின் முழு எடையையும் தாங்கியது. நான் ஏழு கொடுத்தேன்.

அதன் பிறகு தொழிற்சாலை ஆட்சேபம் தெரிவித்தது. எங்கள் விதிப்படி இரண்டாவது ஆள் போய், முதல் ஆள் எழுதியதைப் பார்க்காமல், தானாக மதிப்பிட வேண்டும். போனவர் அப்போது நான் இருந்த மதிப்பீட்டுப் பிரிவின் தலைவர். இவரைப் பற்றித் தொழிற்சாலையின் வக்கீல் தங்கள் முன்னிலையில் என்னிடம் ஏற்கெனவே கேட்டு வாங்கிவிட்டார் என்பதால் நானும் மறைக்கவில்லை. என்னைவிட வயதிலும் பணியிலும் இளையவர். சேர்ந்த புதிதில் என்னை அண்ணே என்று கூப்பிட்டு, கோணமானியை எப்படி வைப்பது என்று என்னிடம் கற்றவர். தலைவர் பதவி எனக்கு வர வேண்டியது, அவருக்குப் போனது. அதன் பிறகு அண்ணே போய் சார் வந்தது. கொஞ்ச நாளில் சாரும் போய் வெறும் நீங்க ஆனது. சன்னல் ஓரத்தில் இருந்த என் மேசை அவருடையதாயிற்று. ஊழியர்கள் அவரைச் சின்னவர் என்பார்கள். பெரியவர் யார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

சின்னவர் அந்த மேசைக்கு மூன்று கொடுத்தார். மையம் மூன்றை வைத்துக்கொண்டு என் ஏழு என்ற எண்ணை எடுத்துவிட்டது. என்னைப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றியது. ஒரே வேலையை இருவர் பார்த்தால் ஒரே எண் வர வேண்டும், அதுதான் மதிப்பீட்டின் நம்பகம் என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. தொழிற்சாலை வண்டி அனுப்பிச் சின்னவரை அழைத்துப்போனதும், மேலாளர் அறையில் சாப்பாடு போட்டதும் என் காதுக்கு வந்தன. உப்பிட்டவரை நினைத்து எண்ணைக் குறைத்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். அந்த முடிவோடுதான் வெள்ளிக்கிழமை தங்கள் முன் வந்தேன்.

வெள்ளிக்கிழமை நடந்தவை தங்களுக்குத் தெரியும். ஆனால் நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவை எப்படி இருந்தன என்பது தெரியாது. முதலில் அந்தப் பெண்ணை விசாரித்தார்கள்.

"நீங்க வலது கைப்பழக்கம் உள்ளவங்கதானே?" என்று வக்கீல் கேட்டார்.

"ஆமாங்க."

"பசை தடவுறது வலது கை. இடது கை என்ன பண்ணும்?"

"புடிச்சுக்கிட்டு இருக்கும்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாங்க. நீங்க விரிச்ச குடையப் புடிச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் நில்லுங்க. அவ்வளவுதான்."

வீட்டு வேலையில் வந்த வலியாக இருக்கலாமே என்று வக்கீல் அடுத்துக் கேட்டதற்கு, எங்க வீட்டுப் பாத்திரம் பட்டையில ஏறி வர்றதில்லைங்க, நானா எடுத்தாத்தான் வரும் என்றார். இப்போது பசை மேசையில் உட்கார்கிற பெண்ணும் கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டுதான் வேலை செய்கிறாள் என்றும் சொன்னார். அது சொந்த அனுபவம் அல்ல என்பதால் பதிவாகவில்லை.

அதன் பிறகு நான். நான் கண்டதைச் சொன்னேன். மணிக்கட்டு மடங்குவதற்குப் படம் உண்டா என்று வக்கீல் கேட்டார். இல்லை என்றேன். தலைவர் பதவி எனக்குக் கிடைக்காமல் போனதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதில் வருத்தம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். பிறகு சூப்பர்வைசரை எழுப்பி, அன்று இவர் எப்படி நடந்துகொண்டார் என்று கேட்டார். "நாற்காலி போடலேன்னு கோவமா இருந்தாரு சார். போறப்பவும் சொல்லிட்டுத்தான் போனாரு" என்றார் அவர். அறையில் பலர் சிரித்தார்கள். தட்டச்சரும் சிரித்தார். நாற்காலிக் கோபத்தில் எண்ணைக் கூட்டிய மனிதன் என்று வக்கீல் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. இரண்டு பேர் அளந்தால் இரண்டு அளவு காட்டும் கோலை வைத்துக்கொண்டு யாராவது துணி வெட்டுவார்களா என்று மட்டும் கேட்டு உட்கார்ந்தார். எண்கள் வேறுபட்டதற்குக் காரணம் என்ன என்று தாங்கள் என்னைக் கேட்டீர்கள். சின்னவர் விலைபோனார் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆதாரம் இல்லாததால் தெரியாது என்றேன். அப்படியே பதிவாயிற்று.

அதன் பிறகு சின்னவர் சாட்சி சொன்னார். அவர் மதிப்பிட்ட அன்று தொழிற்சாலை எடுத்த வீடியோவைத் திரையில் போட்டார்கள். நான் அதை முதன்முறையாகப் பார்த்தேன். தவறு கண்டுபிடிப்பதற்காகவே பார்த்தேன். முழங்காலின்மேல் விரலால் எழுதிக்கொண்டே மதிப்பெண்களைக் கூட்டினேன். கழுத்து, தோள், வலது மணிக்கட்டு எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. இடது கையில் விரல் கணுக்கள் மட்டும் காலணிக்கு மேலே எட்டிப் பார்த்தன. மணிக்கட்டைக் காலணி மறைத்தது. காலணி விலகினால் பசை டப்பா மறைத்தது. எங்கள் மையத்தில் ஒரு விதி உண்டு. கண்ணில் படாததற்கு எண் போடாதே, நேராக இருப்பதாகவே கொள் என்பது அது. ஊகத்தால் எண் ஏறிவிடக்கூடாது என்பதற்காக வைத்த விதி. அதை வாரம்தோறும் கரும்பலகையில் எழுதுபவன் நான்தான். விதிப்படி கூட்டினேன்.

மூன்று வந்தது.

மறுபடியும் கூட்டினேன். மூன்றுதான். பொய்யன் என்று நான் ஒரு வருடமாக நம்பியிருந்த மனிதரின் எண், என் விரலால் என் முழங்காலின்மேல் வந்து நின்றது. அப்போது எனக்கு வெட்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒரு வருடமாகப் பத்திரமாக வைத்திருந்த பொருளை யாரோ பையிலிருந்து உருவிக்கொண்டது போல இருந்தது. படத்தின் ஓரத்தில் மின்விசிறிக் காற்றில் ஒரு காகிதம் படபடத்தது. அப்போதுதான் அந்தக் கேமரா எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது.

அதன் பிறகு உணவு இடைவேளை. வராந்தாவில் பெஞ்சின் ஒரு முனையில் நான் உட்கார்ந்தேன். சின்னவர் தண்ணீர் பாட்டிலோடு வந்து மறுமுனையில் உட்கார்ந்தார். நானே பேச்சை எடுத்தேன்.

"அன்னிக்கு நீங்க எங்க இருந்து பாத்தீங்க?"

"அவங்க நாற்காலி போட்டாங்க. அதுல உக்காந்து பாத்தேன்."

"எந்தப் பக்கம்?"

"ஃபேன் இருக்கற பக்கம். பசை நாத்தம் வரக்கூடாதுன்னு அங்க போட்டாங்க. ஏன்?"

"எனக்குப் போடல."

"அதான் ஊருக்கே தெரியுமே" என்றார். அதன் பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கும் உறைத்துவிட்டது என்று தெரிந்தது. நல்ல மூளை உள்ளவர் என்பதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

"நீங்க எங்க நின்னீங்க?"

"செவுத்துக்கும் சூட்டுப்பெட்டிக்கும் நடுவுல."

"அங்க ஆள் நிக்க முடியுமா?"

"நான் ஒல்லி."

சின்னவர் தன் இடது காலணியைக் கழற்றினார். எடை வேண்டுமே என்று தண்ணீர் பாட்டிலை அதற்குள் செருகினார். என் கையில் கொடுத்து, தன் பேனாவைப் பிரஷ்ஷாகக் கொடுத்தார். நான் குதிகாலை இடுக்கித் திருப்பிப் பசை தடவுவதுபோல் செய்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார், பிறகு எழுந்து ஒற்றைக் காலணியோடு நொண்டிக்கொண்டு சன்னல் பக்கமாகச் சுற்றி வந்து பார்த்தார். அதன் பிறகு அவர் பிடித்தார், நான் சுற்றினேன். அந்த வழியாகக் கோப்புக் கட்டைச் சுமந்து வந்த தங்கள் அலுவலக உதவியாளர் நின்றுவிட்டார்.

"என்ன சார், ஷூ கடிக்குதா?"

"இல்லப்பா" என்றார் சின்னவர். "நாங்க ரெண்டு பேருந்தான் ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக்கிட்டு இருந்தோம். கொஞ்சம் இங்க உக்காந்து பாரு. என் இடது மணிக்கட்டு எப்படி இருக்கு?"

"எங்க சார் தெரியுது? ஷூதான் தெரியுது."

"இப்ப சன்னல்கிட்ட போய்ப் பாரு."

அவர் போனார். "ஐயோ, என்ன சார் இப்படி ஒடிஞ்சு கெடக்கு. வலிக்கலையா?" என்றார். அவர் எங்கள் தொழில் படித்தவரல்ல. நாங்கள் அவருக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவுமில்லை.

அதன் பிறகு, சன்னல் பக்கத்திலிருந்து பார்த்ததற்கு என்ன எண் என்று இருவரும் ஒரே சமயத்தில் சொல்லிப் பார்ப்போம் என்றேன். இருவரும் ஏழு என்றோம். பெஞ்சுப் பக்கத்துக்கு இருவரும் மூன்று என்றோம். அவர் தலைவரான நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

"நீங்க நாற்காலிக் கோவத்துல ஏழு போட்டீங்கன்னுதாண்ணே நெனச்சேன்" என்றார், காலணியை மாட்டிக்கொண்டே.

"நீ சாப்பாட்டுக்காக மூணு போட்டேன்னு நான் நெனச்சேன்."

"அந்தச் சாப்பாட்டுக்கு மூணே அதிகம்ணே."

அவர் மறுபடியும் அண்ணே என்றதை நான் கவனித்தேன். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அன்று கொண்டுபோயிருந்த சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். விசாரணைக்குப் போகிற நாட்களில் நான் சாப்பிடுவதில்லை.

பிற்பகல் தாங்கள் வந்து அமர்ந்ததும் நான் எழுந்தேன். உங்க சாட்சியம் முடிஞ்சது, உட்காருங்க என்றீர்கள். அது விசாரணை முறைதான், அதில் எனக்குக் குறையில்லை. அன்று எனக்கு நாற்காலியும் இருந்தது. உட்கார்ந்தேன். சின்னவரின் சாட்சியமும் முடிந்துபோயிருந்தது. அதன் பிறகு, இரண்டு எண்களில் எதை நம்புவது என்று தெரியாததால் வியாழக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகத் தாங்கள் அறிவித்தீர்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. உடனே வக்கீல் எழுந்து, தங்களுக்கு வேண்டிய வசதியெல்லாம் செய்து வைக்கிறோம் என்றார். அவர் மனத்தில் சூது எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த வசதி எங்கே போடப்படும் என்பது எனக்குத் தெரியும். மின்விசிறிக்குக் கீழே, பசை நாற்றம் வராத பக்கத்தில் போடப்படும். தாங்கள் அதில் அமர்ந்து, கவனமாகப் பார்த்து, மனசாட்சிப்படி மூன்று என்று முடிவு செய்வீர்கள். அந்தப் பெண் தோற்றுவிடுவார், அதில் யார் சொன்ன பொய்யும் இருக்காது.

இதைச் சனிக்கிழமையே எழுதியிருக்கலாம். எழுதாததன் காரணத்தையும் பதிவு செய்கிறேன். இதை எழுதினால் சின்னவர் நேர்மையானவர் என்று என் கையால் எழுத வேண்டும். ஒரு வருடமாக எனக்குக் கைத்தடியாக இருந்தது அவர்மேல் இருந்த கோபம்தான். அதை வைத்துவிட்டு எழுந்து நடக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு சட்டையை உதறி மடித்து முடித்தாள்.

"ஏங்க, அப்ப அன்னிக்கு நாற்காலி போட்டிருந்தா நீங்களும் மூணுதான் போட்டிருப்பீங்களா?"

"ஆமா."

"அப்ப போடாதது நல்லதுதானே?"

"ஆமா."

"ஒரு நாற்காலிக்காக ஒரு வருஷமா நின்னுக்கிட்டே இருந்தீங்க. இனிமேலாவது உக்காருங்க."

உட்கார்ந்தேன். அதன் பிறகு சின்னவருக்குத் தொலைபேசியில் பேசினேன். நீங்கள் எழுதுங்களேன் என்றேன்.

"நான் கையெழுத்துப் போட்டா அது மையத்தோட கடிதம் ஆயிடும்ணே. டைரக்டர் பாக்காம வெளிய போகாது. அவர் பாத்து, கமாவ மாத்தி, திருப்பி அனுப்பறதுக்குள்ள வியாழக்கிழமை போயி அடுத்த வியாழக்கிழமை வந்துரும். நீங்க எழுதுங்க."

"என் கையெழுத்தப் பாத்ததும் நாற்காலிக்காரன்னு சொல்லிருவாங்களே."

"அதுவும் சரிதான். ஆனா என்னக் கூப்பிட்டுக் கேட்டா வராந்தாவுல நடந்தத மறுக்க மாட்டேன். அத வேணா எழுதிக்கோங்க" என்றார். எழுதிவிட்டேன்.

இன்று காலை வகுப்பில் அந்தப் பழைய விதியைக் கரும்பலகையில் எழுதவில்லை. எண் போடுவதற்கு முன் மேசையை ஒருமுறை சுற்றி வா, கண்ணில் படாத மூட்டு இருந்தால் அது படும் இடத்தைத் தேடு என்று எழுதினேன். விதியை அதிகாரபூர்வமாக மாற்ற டைரக்டர் அனுமதி வேண்டும். கரும்பலகைக்கு வேண்டாம். சார், நாற்காலி போட்டாங்கன்னா என்று ஒருவன் கேட்டான். நன்றி சொல்லிட்டு உன் பைய அதுமேல வை என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அது அவர்களுக்குப் புதிதாக இருந்தது என்று தெரிந்தது.

வியாழக்கிழமைக்கானது இவ்வளவுதான். அவர்கள் நாற்காலி போடுவார்கள். தயவுசெய்து உட்கார வேண்டாம். மேசையைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போங்கள். சுவருக்கும் சூட்டுப்பெட்டிக்கும் நடுவே பக்கவாட்டாகத்தான் நுழைய முடியும். அனலடிக்கும். அங்கே நின்றுகொண்டு, இப்போது அந்த மேசையில் இருக்கும் பெண் காலணியைத் திருப்பும்போது அவள் இடது மணிக்கட்டை மட்டும் பாருங்கள். கட்டைவிரலில் துணி இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் பிறகு தங்களோடு வரும் யாரையாவது, தட்டச்சரையே கூட, அதே இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். தாங்கள் கண்டதைச் சொல்லாமல், அவர் கண்டதைக் கேளுங்கள். ஒன்றுபோல் இருக்கும். அளவுகோலில் கோளாறில்லை. ஒருவர் துணியின் முன்பக்கத்தை அளந்தார், இன்னொருவர் பின்பக்கத்தை அளந்தார், அவ்வளவுதான். வக்கீலையும் அந்த இடத்தில் நிறுத்திக் கேட்கலாம். அவர் கொஞ்சம் பருமன், நுழைவாரா என்பது சந்தேகம்.

சன்னல் ஓர மேசை எனக்குத் திரும்பி வர வேண்டியது என்ற என் கருத்தில் மாற்றமில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். ஆனால் அது வேறு வழக்கு. அதைத் தங்களிடம் கொண்டுவர மாட்டேன். நேற்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன். அந்த மேசையைப் பற்றிச் சின்னவரிடம் ஒருநாள் நேரில் கேட்டாலும் கேட்பேன். கேட்கிற அளவுக்கு இப்போது பேச்சு இருக்கிறது.

மேலே உள்ளவை நான் கண்டவை, கேட்டவை, செய்தவை. யாரும் சொல்லித்தந்து எழுதவில்லை. எழுதிய பின் ஒருமுறை படித்துப் பார்த்தேன், என் மனைவியும் படித்தாள். இரண்டு இடங்களில் புலம்பல் அதிகம் என்று அடித்துவிட்டாள். எஞ்சியது அனைத்தும் உண்மை.

பெயரைக் கடைசிக்குத் தள்ளிவைத்திருந்தேன். இதை எழுதியவன் யார் என்று கண்டுபிடிக்கத் தங்களுக்கு ஒரு நிமிடமும் ஆகாது. கண்டுபிடித்தாலும் பரவாயில்லை. ஆனால் என் பெயரைப் போட்டால் தாங்கள் என்னை நம்ப வேண்டும், அல்லது நம்பாமலிருக்க வேண்டும். என் பெயர் எந்த அறிக்கையிலிருந்தாவது விடுபட்டால் கடிதம் எழுதிச் சண்டை போட்டவன் நான். இதில் அது வேண்டியதில்லை. அந்த இடத்தில் போய் நிற்பவர் யாராக இருந்தாலும் அவருக்கும் அதே எண்தான் வரும். அதனால் கையெழுத்துக்கு விட்ட இடத்தை வெறுமையாகவே விட்டு, உறையை ஒட்டி, இறங்கிப்போய்த் தெருமுனைத் தபால்பெட்டியில் போடப்போகிறேன்.